மல்லாட்டை வெண்ணெய்: எங்கே கெட்டது, எப்படித் தேற்றுவது

எங்கள் வேலூர்ப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். மணிலாக்கொட்டை வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. கடையில் பீனட் பட்டர் என்று டப்பாவில் விற்பதும் இதை வறுத்து அரைத்த விழுதுதான். வீட்டில் செய்ய வறுத்த பருப்பு வேண்டும், பிடித்தால் ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவு குறைந்த சாமானில் செய்கிற பண்டம் எப்படிக் கெடும் என்று தோன்றலாம். குடியாத்தத்தில் இருக்கும் என் நாத்தனாரைக் கேளுங்கள். போன வருஷம் மட்டும் ஐந்தாறு தடவை போன் செய்து, "அண்ணி, மறுபடியும் போச்சு" என்றாள். ஒவ்வொரு தடவையும் மிக்ஸிமேல்தான் பழி. ஒரே ஒரு தடவைதான் தப்பு மிக்ஸியுடையது.

நான் பார்த்தவரை, இது ஜாரில் கெடுவது குறைவு. ஜாருக்குப் போகும் முன்பே கெட்டிருக்கும். பருப்பில் ஈரம், இல்லாவிட்டால் வறுவலில் அவசரம். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அதற்கு முன், சரியாக வந்தால் எப்படி வரும் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அரை கிலோ பருப்பை அடிகனமான இரும்புச் சட்டியில் சிறு தீயில் 15 முதல் 20 நிமிஷம் கை விடாமல் கிளறி வறுக்கணும். படபடவென்று பொரிகிற சத்தம் அடங்கி, ஒரு பருப்பை எடுத்து நசுக்கினால் தோல் தானே கழன்று, உள்ளே இளம் பொன்னிறம் தெரிந்தால் அடுப்பை அணைத்து உடனே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே இன்னும் ஒரு சுற்று வறுபடும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் துணியில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்து, வெதுவெதுப்பு போகும் முன் அரைக்கணும்.

ஒரு லிட்டர் ஜாருக்கு 300 கிராம் சரியான அளவு. முதலில் ரவை போல உடையும். பிறகு மாவு. பிறகு புட்டு மாதிரி ஈரப்பதமாகி ஓரத்தில் ஒட்டும். அடுத்து ஒரு பந்தாகத் திரளும். அந்தப் பந்து உடைந்து கொழகொழவென்று ஆகி, கடைசியில் கரண்டியைத் தூக்கினால் பளபளவென்று பட்டையாக வழியும். மிக்ஸி ஓடுகிற நேரம் மொத்தம் 4 முதல் 8 நிமிஷம். நடுவில் நிறுத்தி வழித்துவிடுவது, ஆறவிடுவது எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம்.

மாவாகவே நிற்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பருப்பில் கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. பிளேடு அந்த அறைகளை உடைக்க உடைக்கத்தான் எண்ணெய் வெளியே வந்து, மிச்சமிருக்கும் தூளை நனைத்து, விழுதாக்கும். பாதி உடைந்திருந்தால் மாவுதான் கிடைக்கும்.

ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். பிடி கொழுக்கட்டை போல அச்சு விழுந்து, விரல் இடுக்கில் எண்ணெய் மினுக்கினால் கவலை வேண்டாம், நேரம்தான் பாக்கி. ஓரத்தை வழித்துவிட்டு ஓட்டுங்கள். விரலைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் வேறு ஏதோ இடிக்கிறது.

மிக்ஸி சத்தத்தைக் கேளுங்கள். மாவெல்லாம் ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொண்டு பிளேடு வெறும் காற்றை வெட்டினால் "கீங்ங்" என்று மெல்லிய குரலில் கத்தும். அப்போது எத்தனை நிமிஷம் ஓட்டினாலும் பிரயோஜனமில்லை. நிறுத்தி, கரண்டிக் காம்பால் ஓரத்தை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டணும். பருப்பு பிளேடில் மாட்டி அரைபடும்போது சத்தம் கனத்துப்போகும். கொஞ்ச நாளில் அடுத்த அறையிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அளவு குறைவாகப் போட்டாலும் இதே கதை. பெரிய ஜாரில் 100 கிராம் போட்டால் அது ஓரத்தில் அப்பிக்கொள்ளும், பிளேடுக்கு எட்டாது. கொஞ்சம்தான் வேண்டுமென்றால் சட்னி ஜாரை எடுங்கள்.

அடுத்தது சூடு. காலையில் வறுத்து வைத்ததை ராத்திரி சமையல் முடிந்து அரைத்தால் பருப்பு ஆறி இறுகியிருக்கும். எண்ணெய் வெதுவெதுப்பில்தான் இளகி ஓடும். மாவு நிலையில் நின்றுபோனதைத் தாம்பாளத்தில் பரப்பி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்து அரைத்துப் பாருங்கள். நீராவி உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளணும். சித்திரை, வைகாசியில் இந்த வேலையும் வேண்டாம், மொட்டை மாடியில் அரை மணி வைத்தால் வேலூர் வெயிலே பார்த்துக்கொள்ளும்.

இதற்கும் மசியவில்லை என்றால் குற்றம் ஈரத்தில். ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்கும்போது மழையில் மாட்டிக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம். சரியாகக் காயாத காயை உடைத்த பருப்பு பார்க்க நன்றாகக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். காய்ந்ததா என்று பார்க்க, காயைக் காதருகே வைத்து ஆட்டணும். கலகலவென்று உள்ளே பருப்பு உருண்டால் காய்ந்தது. சத்தமே இல்லையென்றால் இன்னும் ரெண்டு மூன்று நாள் வெயில் தேவை.

இதை நான் தெரிந்துகொண்டது அம்மா வீட்டில். ஒடுகத்தூர் பக்கம். ஐப்பசி மழை விட்ட மறுநாள், புதுக் காய் உடைத்த பருப்பு, அவசர அவசரமாகப் பத்து நிமிஷம் வறுத்து மிக்ஸியில் போட்டேன். மூன்று தடவை மிக்ஸி சூடாகி நின்றது, விழுது வரவில்லை. ஜாரைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் வேர்த்திருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்காட்டம் கீது" என்றார். அந்த மாவை மறுபடி சட்டியில் போட்டு மிகச் சின்னத் தீயில் எட்டு நிமிஷம் புரட்டினோம். மாவு சீக்கிரம் கருகும் என்பதால் கண்ணை எடுக்கவே முடியாது. ஆறவைத்து அரைத்தபோது இரண்டே நிமிஷத்தில் இளகிவிட்டது. அன்றிலிருந்து மூடியின் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். வேர்த்திருந்தால் ஒன்று பருப்பு ஈரம், அல்லது வறுத்த சூடு தணியும் முன்பே அரைத்துவிட்டோம்.

இதெல்லாம் பார்த்தபிறகு கடைசியாகத்தான் எண்ணெய். முற்றாமல் பிடுங்கிய சுருங்கல் பருப்பில் எண்ணெயே குறைவு, அதற்கு 300 கிராமுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் விடலாம். நல்ல பருப்புக்கு ஒரு சொட்டும் வேண்டாம். எடுத்ததுமே எண்ணெய் ஊற்றி அரைக்கச் சொல்லும் செய்முறைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பருப்பில் இருக்கிற குறையை அது மறைத்துவிடுகிறது.

பந்தாகத் திரண்டு சுற்றுகிறது, மேலே நகரவில்லை

நகரும். பாதி வழி வந்துவிட்டீர்கள். நிறைய பேர் இந்த இடத்தில் பயந்து தண்ணீர் விட்டுத்தான் கெடுக்கிறார்கள். நிறுத்துங்கள், பந்தைக் கரண்டியால் நாலாக உடையுங்கள், ஐந்து நிமிஷம் மிக்ஸியை ஆறவிடுங்கள், மறுபடி 30 விநாடி. இரண்டு மூன்று சுற்றில் உடைந்துவிடும்.

மிக்ஸி சூடாகிறது, வாடை வருகிறது, நின்றே விட்டது

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைவது என்பார்களே, அதை நேரில் பார்க்க விரும்பினால் பந்து நிலையில் மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டுங்கள். மோட்டாருக்கு அதிக பாரம் விழுவது அந்த நிலையில்தான்.

பட்டென்று நின்று, எந்தச் சத்தமும் இல்லையென்றால் பெரும்பாலும் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சாய்த்து அடியில் பாருங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். 15, 20 நிமிஷம் ஆறவிட்டு அதை அழுத்தினால் உயிர் வந்துவிடும். உடனே அழுத்தினால் நிற்காது, மறுபடி விழும். ஒரே பருப்பில் மூன்றாவது தடவையும் விழுந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை, ரப்பர் தேய்கிற வாடை என்றால் கப்ளர். ஜாரின் அடியிலோ மிக்ஸியின் தலையிலோ இருக்கிற பல் வைத்த வட்டம் அது. பல் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், மிக்ஸி ரிப்பேர்க் கடையில் ஐந்து நிமிஷ வேலை. நாத்தனாரின் அந்த ஒரு தடவை இதுதான். வார்னிஷ் கருகுகிற மாதிரி காரமான வாடையோடு புகை வந்தால் விஷயம் வேறு. அது மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறுகிற வாடை, அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு அரைக்கிறீர்களா? எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற கோடை ராத்திரியில் வோல்டேஜ் இறங்கினால், மிக்ஸி முக்கி முனகும், சீக்கிரம் சூடாகும். அதே மிக்ஸி, அதே பருப்பு, விடியற்காலையில் சிரித்துக்கொண்டு அரைக்கும்.

500 வாட் மிக்ஸியிலும் வரும், நான் பத்து வருஷம் அதில்தான் செய்தேன். 30 விநாடி ஓட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு என்று பொறுமையாகப் போகணும். வேகத்தை மூன்றில் வைத்து ஒரேயடியாக ஓட்டுவதைவிட ஒன்று, இரண்டில் விட்டுவிட்டு ஓட்டுவது மோட்டாருக்கும் நல்லது, பருப்புக்கும் நல்லது.

டேபிள் டாப் கிரைண்டரில் ஆட்டலாமா என்று கேட்பார்கள். ஆட்டலாம். மிக்ஸியில் புட்டு பதம் வரை அரைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லில் போடணும். முழுப் பருப்பைப் போட்டால் கல் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் ஓடினால் பட்டு மாதிரி வரும். ஆனால் முந்தின நாள் இட்லி மாவு ஆட்டிய ஈரம் கல்லில் ஒரு துளி இருந்தாலும் அடுத்த தலைப்புக்கு வந்துவிடுவீர்கள்.

நன்றாக வந்த விழுது திடீரென்று இறுகிவிட்டது

நேற்றுவரை வழிந்தது, வெல்லம் போட்டதும் களிமண் ஆகிவிட்டது. தேன் விட்டதும் உருண்டையாகிவிட்டது. இது தண்ணீரின் வேலை. வெல்லத்திலும் தேனிலும் நாட்டுச் சர்க்கரையிலும் ஈரம் இருக்கிறது. விழுது என்பது எண்ணெயில் மிதக்கிற பருப்புத் தூள். அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் தூளெல்லாம் அதை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயை வெளியே தள்ளிவிடும்.

எனக்கு இது செக்கில்தான் விளங்கியது. காட்பாடிப் பக்கம் ஒரு மரச்செக்கில் எண்ணெய் ஆட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பருப்பு நசுங்கிக் கொழகொழவென்று ஆனதும் செக்குக்காரர் கையில் தண்ணீர் அள்ளித் தெளித்தார். எண்ணெய் வேண்டுமென்று வந்தால் தண்ணீர் ஊற்றுகிறாரே என்று எனக்குத் திக்கென்றது. "அண்ணா, இன்னாத்துக்குத் தண்ணி?" என்றேன். "தண்ணி பட்டாத்தாம்மா புண்ணாக்கு ஒண்ணு சேரும், எண்ணெ தனியா விடும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் உலக்கையைச் சுற்றித் தூள் கட்டிப்பட ஆரம்பித்தது, பக்கத்தில் எண்ணெய் ஊறி நின்றது. எள்ளுக்குக் கருப்பட்டி போடுவதும் இதே கணக்குக்குத்தான். வெல்லம் போட்டதும் ஜாருக்குள் நடந்தது அதே வேலை. செக்குக்காரருக்குத் தேவையானது நமக்கு ஆகாதது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இறுகியதைத் திருப்ப முடியுமா? இன்னும் எண்ணெய் விட்டு அடித்தால் ஓரளவு இளகும், ஆனால் பழைய பட்டுத்தன்மை வராது. எதிர்ப்பக்கம் போகலாம்: வெந்நீரைத் தாராளமாக, இரண்டு இரண்டு கரண்டியாக விட்டு அடியுங்கள். முதலில் இன்னும் இறுகும், பயப்படாதீர்கள். பிறகு சட்டென்று இளகி, வெளுத்து, தேங்காய்ப்பால் மாதிரி ஆகிவிடும். அது வெண்ணெய் இல்லை, அன்றைக்கே தீர்க்க வேண்டிய குழம்பு விழுது. அதற்கு நல்ல வழி கீழே இருக்கிறது. வெல்லம் போட்டு இறுகினதை மட்டும் அப்படியே உருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். கடலை உருண்டைக்கு என்ன குறை.

இனிப்பு வேண்டுமென்றால் பனங்கற்கண்டைத் தனியாக உலர்ந்த ஜாரில் நைசாகப் பொடித்து, கடைசிச் சுற்றில் சேருங்கள். தேனைப் பாட்டிலில் கலக்காமல், ரொட்டியில் தடவும்போது மேலே விட்டுக்கொள்ளுங்கள். ஜார், மூடி, வாஷர், கரண்டி எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்திருக்கணும். மூடியின் ரப்பர் வாஷருக்கு அடியில் ஒளிந்திருக்கும் தண்ணீர்தான் நிறைய வீட்டில் திருடன்.

நறநற என்கிறது

கல் உப்பு போட்டிருப்பீர்கள். உப்பு எண்ணெயில் கரையாது, எத்தனை நாள் வைத்தாலும் கல் கல்லாகவே இருக்கும். தூள் உப்பையும் ஒரு தடவை தனியாகப் பொடித்துப் போடுவது நல்லது. சர்க்கரைக்கும் அதே கதி.

உப்பு போடாமலே நறநறத்தால் மண். தள்ளுவண்டியில் மணலில் வறுத்த கடலையை வாங்கி அரைத்தால் இது நடக்கும். தின்னும்போது தெரியாத மண் அரைத்தபின் பல்லில் தெரியும், அதை எடுக்க வழியே இல்லை. பச்சைப் பருப்பாக வாங்கி முறத்தில் நேம்பிக் கல் பார்த்து வறுப்பதுதான் சரி. மண்ணும் இல்லை, ஆனாலும் திப்பி திப்பியாக இருக்கிறது என்றால் தோல். தோலோடு அரைப்பதில் தப்பில்லை, நார்ச்சத்தும் போகாது. பட்டு மாதிரி மட்டும் வராது.

கசக்கிறது

கசப்பில் நாலு ஜாதி உண்டு. நாக்கில் எங்கே, எப்போது கசக்கிறது என்று பார்த்தால் பிடித்துவிடலாம்.

வாயில் போட்டதும் துவர்ப்போடு சேர்ந்த இலேசான கசப்பு என்றால் தோலும் மூக்கும். பருப்பு இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிற முளைக்குருத்தைத்தான் மூக்கு என்கிறேன். புடைக்கும்போது பாதி போகும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். இந்த முறைக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கும்.

காப்பிக்கொட்டை மாதிரி, விழுங்கியபின் தங்குகிற கசப்பு என்றால் கருகல். தீ அதிகம், அல்லது சட்டியிலேயே விட்டுவிட்டீர்கள். விழுதின் நிறமும் பழுப்பாக இருக்கும். இதைத் தனியாகத் தேற்ற முடியாது. அடுத்த தடவை இளம் வறுவலாக வறுத்து அரைத்து, நாலுக்கு ஒன்று என்று இதைக் கலந்தால் ஒரு தனி மணமே கிடைக்கும். இதை இப்போதெல்லாம் நான் வேண்டுமென்றேகூடச் செய்கிறேன்.

தொண்டையில் பிடித்து, பழைய எண்ணெய் போலக் காறினால் பருப்பே பழசு. லாங்கு பஜாரிலோ மண்டித் தெருவிலோ வாங்கும்போது ஒரு பருப்பை வாயில் போட்டு மெல்லுங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நான் ஒரு தடவை சந்தையில் விலை மலிவு என்று இரண்டு கிலோ வாங்கி வந்தேன், வறுக்கும்போதே சிக்கு வாடை. மாட்டுக்குக் கொடுக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன், மாட்டுக்கும் வேண்டாம் என்றுவிட்டார். வறுத்தால் வாடை கொஞ்சம் அமுங்கும், போகாது.

நாலாவதுதான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாதது. பருப்பு சுருங்கி, கறுத்தோ, பச்சையும் மஞ்சளுமாகத் தூள் படிந்தோ இருந்தால் அது பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை ஈரக் கடலையில் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும், ஈரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்து விழுந்தபோது தேடிப் போய்க் கண்டுபிடித்தது இதைத்தான். தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்தது. வீட்டு வறுவலில் இந்த நஞ்சு முழுசாக அழியாது. ஆகவே வறுப்பதற்கு முன் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்குங்கள். ஒன்றிரண்டு கெட்டிருந்தால் எறியுங்கள். கைப்பிடிக்கு நாலைந்து என்றால் மொத்தத்தையும் எறியுங்கள். அரைத்தபின் பூஞ்சை வாடை வந்தால் ருசி பார்த்து முடிவெடுக்கிற வேலையே வேண்டாம், நேரே குப்பைக்கு.

பச்சை வாசனை அடிக்கிறது

வறுவல் போதவில்லை. வெளியே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்திருக்கும், பெரிய தீயில் வறுத்ததன் அடையாளம். விழுதாகிவிட்டதை மறுபடி வறுக்கப் போகாதீர்கள், அடிபிடிக்கும். கொதிக்கிற குழம்பில் போட்டால் பச்சை வாசனை போய்விடும்.

எண்ணெய் மேலே மிதக்கிறது

இது கெட்டதே இல்லை. எண்ணெய் லேசு, தூள் கனம், இரண்டு நாள் சும்மா வைத்தால் ஒன்று மேலே வரும், ஒன்று கீழே போகும். கடை டப்பாவில் பிரியாமல் இருப்பதற்குக் காரணம், ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்திய எண்ணெய் கொஞ்சம் கலப்பது. 1920-களில் அமெரிக்காவில் வந்த முறை அது. வீட்டில் அதற்கு வழியில்லை, தேவையுமில்லை.

மேலே நின்ற எண்ணெயை வடித்து எடுத்துவிடாதீர்கள். என் மாமியார் முதல் தடவை அதைத்தான் செய்தார், "சுத்தமான கடலை எண்ணெய்" என்று தாளிப்புக்கு எடுத்துக்கொண்டார். அடியில் இருந்தது கத்தி இறங்காத கட்டியாகிவிட்டது. கரண்டிக் காம்பை அடிவரை விட்டுக் கிண்டிக் கலக்குங்கள். பாட்டிலை முழுசாக நிரப்பினால் கிண்டும்போது வழியும், இரண்டு விரல் இடம் விடணும். பாட்டிலைத் தலைகீழாக வைத்துவிட்டு மறுநாள் நிமிர்த்தினால் பாதி வேலை தானே நடந்திருக்கும். மூடி இறுக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அலமாரித் தட்டு எண்ணெய்க் குளமான அனுபவம் உண்டு.

கத்திரி வெயில் நாளில் 40 டிகிரி தாண்டும்போது ஒரே ராத்திரியில் பிரிந்துவிடும். அந்த ஒரு மாதம் ஃபிரிட்ஜ்தான். பிரியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் கலக்கச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரிக்குக் கீழே. வேலூரில் மார்கழி, தை விடியற்காலை தவிர அது எங்கே உறையப் போகிறது.

ஃபிரிட்ஜில் வைத்தது கல்லாகிவிட்டது என்பார்கள். வெளியே அரை மணி வையுங்கள், சரியாகிவிடும். நேர்மாறாக, ரொம்ப நீர்த்து ஓடினால் ஃபிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் கூடிவிட்டிருந்தால் ஒரு கைப்பிடி வறுத்த பருப்பைப் புட்டு பதத்தில் அரைத்துச் சேருங்கள்.

சீக்கிரம் காறிவிடுகிறது

நல்ல பருப்பு, நல்ல வறுவல், உலர்ந்த கண்ணாடிப் பாட்டில் இருந்தால் குளிர்நாளில் வெளியே மூன்று, நாலு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜில் இரண்டு மாதத்துக்கு மேல். அதற்கு முன்பே வாடை வந்தால் வெளிச்சமும் சூடும் காற்றும் காரணம். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருப்பீர்கள், அல்லது ஜன்னலோரம். பெரிய பாட்டிலில் அடியில் கொஞ்சம் கிடந்தால் மிச்ச இடமெல்லாம் காற்று, சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். மேலே பூஞ்சை பூத்தால் யாரோ ஈரக் கரண்டி போட்டிருக்கிறார்கள். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடலை ஒவ்வாதவர்கள் உண்டு, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். கைக்குழந்தைக்குக் கரண்டியோடு கெட்டியாக ஊட்டக்கூடாது, தொண்டையில் அப்பிக்கொள்ளும்.

முந்திரி, பாதாம், எள்ளில் இதே கோளாறு வந்தால்

முந்திரி மெத்து, சீக்கிரம் இளகும். ஆனால் வறுவலில் கண் இமைக்கும் நேரத்தில் கருகும், ஆகவே மிகச் சின்னத் தீ. பாதாம் நேர்மாறு: மாவு நிலையிலேயே பத்து நிமிஷம் அடம்பிடிக்கும், மிக்ஸியை அதிகம் ஆறவிட்டு ஓட்டணும். ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை அப்படியே அரைத்து "வரவில்லை" என்றால் வராது, அது தண்ணீர் குடித்திருக்கிறது. நன்றாகக் காயவைத்து வறுத்த பிறகுதான். எள்ளில் தோல் நீக்கிய வெள்ளை எள் எடுங்கள், கறுப்பு எள் கசக்கும். எள் மட்டும் மிக்ஸியில் துள்ளும், கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுத்தான் பிடிக்க வைக்கணும்.

எதுவுமே சரிவரவில்லை

பூஞ்சையோ காறலோ இல்லாத வரைக்கும் எதையும் கொட்ட வேண்டியதில்லை. வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு அரைத்த மல்லாட்டையை வீணாக்குவதாவது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற கத்திரிக்காய்க்கு உடலே கடலையும் எள்ளும் அரைத்த விழுதுதான். மாவாக நின்றது, தண்ணீரில் இறுகியது, பச்சை வாசனை அடித்தது எல்லாம் அதில் அடங்கிவிடும்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் அதுதான் இதற்கு. வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது அது. கால் கிலோ காயைக் காம்போடு நாலாகக் கீறி எண்ணெயில் வதக்கி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். எண்ணெய் பிரிந்ததும் நாலு கரண்டி நம் கெட்டுப்போன விழுதை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், புளித் தண்ணீர், உப்பு, கொதி வந்ததும் காய். சிறு தீயில் கால் மணி. அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே இருக்கணும். மேலே எண்ணெய் மிதந்தால் இறக்கலாம். இங்கே அது மிதந்தால்தான் சரி.

ஜாரில் ஒட்டியது போகவில்லை

தேய்க்காதீர்கள், சோப்பும் வேண்டாம். பிளேடுக்கு அடியில் அப்பியிருப்பதே ஒரு கரண்டி தேறும். அதிலேயே நாலு வறுத்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, கொட்டைப் பாக்களவு புளி, உப்பு போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். ராத்திரி இட்லிக்குச் சட்னி ஆயிற்று. பிறகு வெந்நீர் ஒரு தடவை, சோப்பு ஒரு தடவை, வாஷரைக் கழற்றித் துடைத்து வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.